மெர்த்தி அக்கா கடலுக்குள் நின்ற கதை

மெர்த்தி அக்காவைக் கேலி செய்ய எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. வேறு யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளுக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். என் பிழைப்பில் அப்படி ஒரு மாணவி இன்னொருத்தி வாய்த்ததில்லை, வாய்க்கவும் வேண்டாம் சாமி.

எங்கள் ஊர் துலாம்பென். கடற்கரை முழுக்க உருண்டைக் கறுப்புக் கல். வெறுங்கையோடு நடக்கவே வெளியூர்க்காரர்கள் தள்ளாடுவார்கள். மெர்த்தி அக்கா தலையில் சும்மாடு கூட்டி, அதன்மேல் முக்குளிப்பவர்களின் காற்றடைத்த சிலிண்டர் இரண்டைப் படுக்கவைத்து, கையை வீசிக்கொண்டு நடப்பாள். போகிற போக்கில் யார் வீட்டில் என்ன சண்டை என்றும் சொல்லிவிட்டுப் போவாள். காலையில் சிலிண்டர்கள் முன்னால் பூவும் அரிசியும் வைத்த ஓலைத்தட்டைப் படைத்துக் கும்பிடுவதும் அவள்தான். அதற்கு முன்னால் எவனாவது தண்ணீரில் கால் வைத்தால், அன்றைக்கு முழுக்க அவன் காது புளிக்கும்.

அவள் புருஷன் நெங்கா, வெளியூர்க்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் எங்கள் வழிகாட்டிகளில் மூத்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவள் இறக்கிவைத்த சிலிண்டரைத்தான் அவர் முதுகில் மாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்து, கீழே பார்த்ததையெல்லாம் அவளுக்குச் சொல்வார். கல் மாதிரிக் கிடந்து ஏமாற்றும் தேள்மீன், குஞ்சு பொரிக்கும்வரை முட்டையை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும் அப்பன் மீன், மணலுக்கு வெளியே தலையை நீட்டி ஆடும் விலாங்குக் கூட்டம். ஆனால் அவளுக்குப் பிடித்தது பவளச் சுவரில் தனியாக வாழ்ந்த கிழட்டுச் சீலா மீன்தான். கீழ்த்தாடையை நீட்டிக்கொண்டு, கடல் விசிறி என்கிற விரிந்த பவளம் ஒன்றின் பக்கத்தில் அசையாமல் மிதக்கும். அசப்பில் உங்கப்பா மூஞ்சிதான் என்று நெங்கா சீண்டுவாராம். "கிழவன் இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்று கேட்காமல் அவள் சோறு போட்டதில்லை.

போன மழை முடிகிற சமயத்தில் நெங்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். இனி முக்குளிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுஷன் அன்றோடு அடங்கிப்போனார். கடற்கரைப் பக்கம் வருவதை விட்டார். நாங்கள் போய்ப் பேசினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். நெஞ்சுவலிக்குத் தப்பியவர் பட்டினி கிடந்தே போய்விடுவாரோ என்று அக்கா தவித்தாள்.

ஒருநாள் அவள் என்னிடம் வந்து, தான் கீழே போய்க் கிழவனைப் பார்த்துவந்து அவருக்குச் சொல்லப் போவதாகவும், அதற்கு நான் முக்குளிக்கக் கற்றுத்தர வேண்டும் என்றும் சொன்னாள். சிக்கல் என்னவென்றால், கிழவனைக் காணாமல் இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. செத்ததோ, யார் வலையில் மாட்டியதோ தெரியாது. அதை முதலில் கவனித்து எங்களிடம் சொன்னவரே நெங்காதான். வீட்டில் மட்டும் மூச்சுக் காட்டாமல், கடைசிவரை கிழவன் சௌக்கியம் என்று அளந்துவிட்டிருக்கிறார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் எதற்குத் தலையைக் கொடுக்க வேண்டும்? சரி அக்கா, கற்றுத்தருகிறேன் என்றேன்.

தண்ணீருக்குள் மீன்போலப் படுத்து நீந்த வேண்டும். அக்கா நின்றாள். கழுத்தை விறைத்து, முதுகை நிமிர்த்தி, கரையில் சிலிண்டர் சுமந்து நடக்கிறாளே, அச்சு அசலாக அதே நடை. கால் துடுப்பு மணலைக் கிளறிவிட, விலாங்குகள் மொத்தமும் வளைக்குள் ஓடின. நான் படுக்கவைத்தால் மறுபடி நிமிர்ந்தாள். மேலே வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"அக்கா, தலையில ஒண்ணுமே இல்ல. கழுத்தைக் கொஞ்சம் தளர்த்தித் தொலைங்க."

"இத்தனை வருஷமா எதையும் கீழ போடாத கழுத்துடா. நீ சொன்னா கேட்டுருமா?"

கேட்கவே இல்லை. மூச்சு விடுவதையும் காது அடைப்பை எடுப்பதையும் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். படுக்க மட்டும் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

மலையிலிருந்து இறங்கும் கலங்கல் தெளிந்து, அலையில் கல் உருளும் சத்தமும் அடங்கிய ஒரு காலையில் இறங்கினோம். நீரோட்டம் பவளச் சுவரை ஒட்டி மெதுவாக ஓடியது. நல்லவேளை, அந்த விசிறி ரொம்ப ஆழத்தில் இல்லை. இருந்திருந்தால் அவள் காலில் விழுந்தாலும் கூட்டிப்போயிருக்க மாட்டேன். வழியில் பாரை மீன் கூட்டம் எதிர்ப்பட்டது. அக்கா கொடிமரம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டால் விலகிப்போகிற பாரைகள் அவளைச் சுற்றி வளைத்து, வெள்ளி வெள்ளியாகச் சுழல ஆரம்பித்தன. அவள் சிரித்ததில் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சொல்லிவிடுகிறேன், அப்போது அவள் எனக்கு ரொம்ப அழகாகத் தெரிந்தாள்.

விசிறிப் பக்கம் வந்தோம். அங்கே ஒன்றும் இல்லை. அக்கா காத்திருந்தாள். விசிறியின் பின்னால் எட்டிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதோ பவளத்தை ஆராய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீர் கீழிருந்து ஏறிவந்து உடம்பு நடுங்கியது. அப்போதும் நகரமாட்டேன் என்றாள். காற்று குறைந்துவிட்டது என்று நான் காட்டிய பிறகுதான் கிளம்பினாள்.

கரையேறிக் கல்மேல் உட்கார்ந்தவள் கால் துடுப்புகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கிழவன் இல்லேன்னு அவர்கிட்ட சொல்லிடாதடா. தாங்க மாட்டார்."

வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நெங்கா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா ஈரத்தலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தாள். பாரைகள் தன்னைச் சுற்றியதைச் சொன்னாள். விலாங்குக்குக் கால் இருந்தது என்றாள். தேள்மீன் நீல நிறம் என்றாள். சுவர்ப்பக்கமிருந்து ஒரு முனகல் வந்தது. அடுத்து ஏதோ சங்கை ஆமை என்று அவள் சொன்னதும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு போனாய் என்று திட்ட ஆரம்பித்துவிட்டார். திட்டி முடித்ததும் மெல்லக் கேட்டார்.

"கிழவன்?"

அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"இருக்கார். விசிறிக்கு இடது பக்கமா. கொஞ்சம் இளைச்சிருக்கார். சரியா சாப்பிடுறதில்ல போல."

நெங்கா அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூடைக்குள் இருந்த சேவலைப் பார்த்தேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். முழுக்கச் சாப்பிட்டார். மிளகாய் அரைத்த சம்பல் இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கிக்கொண்டார்.

நான் கிளம்பியபோது வாசல்வரை கூடவே வந்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"அவன் போயிட்டான்னு எனக்குத் தெரியும்கிறதை அவகிட்ட சொல்லிடாதடா. தாங்க மாட்டா."

சரி அண்ணே என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது வாரம் தவறாமல் அக்கா இறங்குகிறாள். இன்னமும் நின்றுகொண்டுதான் போகிறாள். நெங்கா கரைக்கு வந்து கல்மேல் உட்கார்ந்திருப்பார். எத்தனை பேர் கீழே இருந்தாலும் ஒரே இடத்தில் விடாமல் பொங்கும் குமிழிதான் தன் பெண்டாட்டி என்று அவருக்குத் தெரியும். அவள் கரையேறியதும் கிழவன் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். போன வாரம் அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், கன்னத்தில் சதைகூட வைத்திருக்கிறது என்றாள்.