கூக்கால் ஏற்றமும் சகலையின் பூட்டாத ஹப்பும்

பாலசமுத்திரத்தில் தோப்பு வைத்திருக்கும் என் சகலை, போன ஆவணியில் ஒரு பழைய ஜீப் வாங்கினார். என்னிடமும் ஒன்று இருக்கிறது. பதினொரு வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். அவருடைய வண்டியில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது என்பதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை, இரண்டு வண்டியிலும் குடும்பத்தோடு கொடைக்கானல் மலையில் இருக்கும் கூக்காலுக்குக் கிளம்பினோம்.

பழனியில் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கொடைக்கானல் 65 கிலோமீட்டர், எட்டேகாலுக்குப் போய்விட்டோம். பன்னிரண்டு வயது மகள் கயல், “பெரியப்பா வண்டி சூப்பரா இருக்குப்பா” என்று பழனியிலேயே அதில் ஏறிக்கொண்டாள். கொடைக்கானல் தாண்டி பூம்பாறையில் டீ குடித்த பிறகு என் மனைவியும் அதற்கு மாறினாள். சீட் மெத்தென்று இருக்கிறதாம். எனக்குத் துணைக்கு வந்தது புளியோதரைத் தூக்கு மட்டும்தான்.

கொடைக்கானலிலிருந்து கூக்கால் சுமார் 40 கிலோமீட்டர், தார் ரோடு. கூக்கால் ஏரியைத் தாண்டி நாங்கள் தங்கவிருந்த பூண்டுத் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. முழுக்கச் சேறு.

இந்தக் காலத்து வண்டிகளில் ஃபோர் வீல் லீவரைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். பழைய வண்டியில் அது போதாது. கீழே இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் ஹப் குமிழைக் கையால் ‘லாக்’ பக்கம் திருக வேண்டும். ‘ஃப்ரீ’யில் இருந்தால் முன்சக்கரம் சும்மா உருளும், அவ்வளவுதான்.

நான் என் ஹப்புகளைத் திருகியபோது சகலை ஏரியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, “ஃபோர் வீல் போட்டாச்சு சகலை, போவமா?” என்றார். அவர் குமிழ்கள் இரண்டும் ஃப்ரீயில் இருந்தன. பார்த்தேன். எல்லார் முன்னாலும் ஒரு தடவை சேற்றில் சிக்கட்டும் என்று நினைத்தேன்.

“நீங்க முன்னால போங்க” என்றேன்.

இரண்டாவது வளைவில் ஏற்றம் செங்குத்து. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன, வண்டி ஏறவில்லை. அப்புறம் மெதுவாகப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. இடது பின்சக்கரம் பாதை ஓரத்துக்கே போய்விட்டது. கீழே பன்னிரண்டு அடிப் பள்ளம். உள்ளே கயலும் அவள் அம்மாவும் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த ஒரு விவசாயி சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டார். “பிரேக்க விட்றாதீங்க, யாரும் அசையாதீங்க” என்றார். நான் ஓடிப்போய், லீவரை எடுக்கச் சொல்லி, இரண்டு குமிழையும் லாக்கில் திருகினேன். லீவரை மறுபடி போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விடச் சொன்னேன். வண்டி ஊர்ந்து மேலே ஏறியது.

விவசாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங்க, குனிஞ்சுகூடப் பாக்காம நேரா ஹப்புக்கே போனீங்க. மொதல்லயே தெரியுமாக்கும்?”

நான் வாய் திறப்பதற்குள் சகலை என் தோளைக் கட்டிக்கொண்டார். “வண்டி விசயம் அவருக்குத் தண்ணி பட்ட பாடுங்க. இவரு இல்லேன்னா இன்னைக்கு எங்க கதை முடிஞ்சிருக்கும்.”

மறுநாள் திரும்பும்போது கயல் தானாகவே என் வண்டியில் ஏறினாள். முந்தின நாள் முழுக்க அதற்குத்தான் ஏங்கினேன். பழனி வரைக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

போகிறவர்களுக்கு: சேறு தொடங்கும் முன்பே நிறுத்தி, இரண்டு ஹப்பையும் திருகுங்கள். ஒன்றை மட்டும் திருகினால் பிரயோஜனம் இல்லை. தார் ரோட்டுக்கு வந்ததும் முதலில் லீவரை எடுங்கள், பிறகு ஹப்பை ஃப்ரீயில் விடுங்கள். காய்ந்த தாரில் நாலு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் வண்டிதான் வீணாகும். கூக்காலுக்குப் பஸ் குறைவு. டீசலைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நான் எழுதுவதை ஒன்று விடாமல் வாசிக்கிறவர் என் சகலை. அந்த விவசாயி கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை.

தெரியும், சகலை.