நஸீமாவும் சேராத துண்டுகளும்

கற்பிட்டிச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது நஸீமாவின் தம்பி அழைத்தான். “அண்ணன், ராத்தா மவுத்தாயிட்டா. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்.”

நஸீமாவை அறிந்தவர்களுக்கு அந்த அறையும் தெரிந்திருக்கும். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு கணினி, ஒரு கமரா, இரண்டு கதிரைகள். யுத்தம் முடிந்த பிறகு நாங்கள் இருவரும் அங்கே வேலை செய்தோம். தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் முதியவர்களின் கதையைப் படமெடுத்துச் சேமிப்பதுதான் வேலை. நஸீமாவும் அப்படிச் சிறுமியாக வந்தவர்தான். நான் வன்னியிலிருந்து வந்தவன். எத்தாளைக் கிராமத்தில் ஒரு முதியவர் கமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நஸீமா கமராவை மூடி வைத்துவிட்டு, அவருடைய வலையின் சிக்கெடுக்க உட்கார்ந்தார். பின்னேரம் அவராகவே, “எடு மவள், சொல்றன்” என்றார். அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

கணினி ஒரு கோப்பை எப்போதும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. காலியான இடங்களிலெல்லாம் துண்டு துண்டாக வைத்து, எந்தத் துண்டு எங்கே என்று தனியாகக் குறித்துக்கொள்கிறது. எங்கள் ஹார்ட் டிஸ்க் எப்போதும் நிரம்பியே இருந்தது. பழையதை அழித்து, கிடைத்த இடைவெளிகளில் புதியதைப் போட்டபடி இருந்தோம். பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் வருமென்று காத்திருந்த காலத்தில், ஒரு மத்தியானம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது, எந்தத் துண்டு எங்கே என்ற அந்தக் குறிப்பு சிதைந்திருந்தது.

“துண்டெல்லாம் உள்ளுக்குத்தான் இருக்கு, சேவியர் அண்ணன். எதுக்குப் பொறகு எதுன்டுதான் தெரியாது” என்றார் நஸீமா.

கொழும்பில் டிஸ்க் மீட்பவர்களும் கைவிரித்துவிட்டார்கள். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நஸீமாவே உட்கார்ந்து ஒட்டிப் பார்த்தார். ஒரு முகம் தோன்றும், சில நொடிகளில் சாம்பல் நிறமாகும், பிறகு வேறு யாருடைய வாசலோ வரும். பேசியவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் கனமூலையிலிருந்து ஹாஜரா என்ற பெண் வந்தார். அவருடைய தந்தை இறந்து சில மாதங்களாகியிருந்தன. கிடைத்ததைப் போட்டுக் காட்டினோம். திரையில் அந்தத் தந்தை தொண்டையைச் செருமி, “எங்கட ஊரு…” என்றார். படம் உறைந்தது.

“பொறகு?” என்றார் ஹாஜரா.

“பொறகு இல்ல, ராத்தா” என்றார் நஸீமா.

“இன்னொருக்காப் போடுங்க.”

போட்டோம். கேட்டபோதெல்லாம் போட்டோம். அவர் போன பிறகு நான் பொறுக்கமாட்டாமல், “அதே ஊர்க்காரர் பேசின துண்டொண்டு நல்லாக் கிடக்கு. அதையெண்டாலும் அதோட சேர்த்துக் குடுத்திருக்கலாமே” என்றேன். நஸீமாவுக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

“வேற ஆள்ட பேச்ச அவட வாப்பாட வாயில வைக்கிறதா? இல்லாட்டி இல்லன்டு சொல்லுவம்.”

நஸீமாவுக்குப் புற்றுநோய் முற்றிய பிறகு பார்க்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டிஸ்க்கைப் பற்றி நான் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். “இனிச் சேராது அண்ணன். எனக்கு எப்பவோ விளங்கிட்டு. ஆனா அந்த டிஸ்க்குக்கு மேல புதுசா ஒண்டும் எழுதிடாதீங்க. எழுதினா இருக்கிறதும் அழிஞ்சிடும்.”

“ஓம்” என்றேன்.

டிஸ்க் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அது என்றைக்காவது சேருமென்று நான் நம்பவில்லை. மீண்டவற்றில் பல, பதிவுகளின் ஆரம்பத் துண்டுகள். அவற்றில் முழுதாகக் கேட்பது, கமராவுக்குப் பின்னால் நின்ற நஸீமாவின் குரல்தான். “உங்கட வீட்டு வாசல்ல என்ன மரம் நிண்டிச்சு?” என்று யாரையோ கேட்கிறார். பதிலுக்கு முன்னே துண்டு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளைத்தான் நான் வைத்திருக்கிறேன்.