பழைய ஆட்டக்காரர்களும் என் வீட்டுக்காரரும்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பர்தாவைக்கூடக் கழற்றாமல் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். கீழக்கரையில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. கீழே நின்று பேசினால் ஃபோனில் குரல் விட்டு விட்டுத்தான் வரும். மாலை நேரத்து அஸர் தொழுகை முடித்துவிட்டு அவர் கூப்பிடுவார். கூப்பிடும்வரை என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பேன். பக்கத்து மாடியில் காய்ந்த துணி எடுக்க வரும் லாத்தா, இன்றைக்கும் மச்சானோடு பந்துச் சண்டையா என்று கேட்பார். ஆமாம், பந்துச் சண்டைதான்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாக வளைகுடாவில், ஒரு கம்பெனி கிளப்பில் ஸ்னூக்கர் மேசைகளைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வேலைக்கு மார்க்கர் என்று பெயர். மேசையில் விரித்த பச்சைத் துணியை பிரஷ்ஷால் ஒரே திசையில் நீவ வேண்டும். அதே திசையில் இஸ்திரி போட வேண்டும். பந்துகளைத் துடைத்து அடுக்க வேண்டும். பெரிய ஆபீசர்கள் ஆடும்போது சுவரோரம் நின்று பாயிண்ட் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். மொத்தமாகக் கூட்டினால் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது இரண்டு வருஷம்கூடத் தேறாது. நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். கூட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

ஒரு கட்டத்தில் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது. சாப்பிட்டியா, அங்கே வெயிலா, மகள் பேசினாளா, அவ்வளவுதான். மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு அதிலும் ஒன்று குறைந்தது. அப்போதுதான் அவர் ஒரு நாள் ஸ்னூக்கர் ஆட்டம் ஒன்றை ஃபோனில் அனுப்பினார். சும்மா கிடக்கிறோமே என்று பார்த்தேன். மறுநாள் அதைப் பற்றி ஏதோ சொன்னேன், அவர் மறுத்தார், நான் விடவில்லை. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. எனக்குப் பிடித்தது அந்த விளையாட்டு இல்லை. அவரோடு சண்டை போட ஒரு காரணம் கிடைத்ததுதான் பிடித்தது.

நான் பழைய ஆட்டக்காரர்கள் பக்கம். நிறம் மங்கிய அந்த வீடியோக்களில் அவர்கள் மேசையைச் சுற்றி நடப்பதே ஒரு அழகு. அவசரமே இருக்காது. ஒரு பந்தை அடிப்பதா, எதிராளிக்குக் கிடைக்காதபடி ஒளித்துவைப்பதா என்று நின்று யோசிப்பார்கள். எதிராளி ஆடும்போது நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஸ்னூக்கரில் பாதி ஆட்டம் அந்த நாற்காலியில்தான் நடக்கிறது. ஒருவர் பந்தைத் தவறவிட்டால், அடுத்தவர் தவறவிடும்வரை உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. இன்றைக்கு ஆடுகிற பையன்கள் அந்த நாற்காலியில் படுகிற பாட்டைப் பார்க்கவே சகிக்காது. துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். நகத்தைக் கடிக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான். இத்தனை வருஷம் காத்திருந்தும் காத்திருக்கப் பழகாதவள்.

அவர் இந்தக் காலத்துப் பையன்கள் பக்கம். எட்டு வயதிலேயே பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள், மேசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அடித்துப் போடுகிறார்கள், பழையவர்களுக்கு அந்தத் தைரியமே கிடையாது என்பார். அந்தக் காலத்துத் துணி தடிமன், பந்து கனம், ஹால் முழுக்கப் புகை, அதிலும் அவர்கள் அடித்தார்களே, இந்தப் பையன்களை அந்த மேசையில் விட்டுப் பாருங்கள் என்று நான் மல்லுக்கு நிற்பேன். துணியைப் பற்றி என்னிடமே பாடம் எடுக்கிறாயா என்று சிரிப்பார். ஒரு நாள் அவர் இப்படிச் சொன்னார்.

"அப்ப ஒரு தப்பு செஞ்சா, ஒக்காந்திருந்தா போதும், திரும்ப வாய்ப்பு வரும் புள்ள. இப்ப அப்புடி இல்ல. ஒரு தப்புக்கு ஆட்டமே போயிரும்."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

இதெல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, அவருக்கு ஐம்பது பிறக்கும்வரை. ஐம்பதுக்கு மேல் ஒரு நாள்கூட அங்கே இருக்க மாட்டேன் என்று மகள் கல்யாணத்தின்போது வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வருஷத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. வருவாரா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாரா என்பதுதான் வருஷம் பிறந்ததிலிருந்து என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த விஷயம். நான் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் அவர், அவரே சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் அனுப்புகிற ஆட்டங்கள் மாறின. முப்பத்தைந்து தாண்டினால் கண்ணும் கையும் போய்விடும், ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று அதுவரை அடித்துப் பேசியவர், நாற்பதுக்கு மேலும் ஆடிக்கொண்டிருப்பவர்களின் ஆட்டமாகத் தேடித் தேடி அனுப்ப ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் நாற்பதோடு சரி, இன்றைக்கு உடம்பைப் பேணுகிறார்கள், ஐம்பதுவரை தாராளமாக ஆடலாம் என்றார். நானும் விவரம் கெட்டவள், ஆர்வமாக மூன்று நாள் எதிர்த்துப் பேசினேன். நாற்பத்தைந்துக்கு மேல் தோற்றவர்கள் யார் யார் என்று பட்டியலே போட்டேன். நான்காம் நாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சுருக்கென்றது. இவர் ஆட்டக்காரர்களைப் பற்றியா பேசுகிறார்? அதற்குப் பிறகு திருத்திய தாள்களில் யாருக்கு எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டீகளா?"

"இன்னும் இல்ல. லீவுக்கு வந்து ஒன்கிட்ட கேட்டுட்டுப் போடலாம்னு" என்றார்.

கேட்பதற்கா, சொல்வதற்கா என்றேன். இன்ஷா அல்லாஹ், வந்து பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

வந்தார். ஏழு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருப்பவர். அவர் இன்னும் அப்படியே இருந்தார். டீ கிளாஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். துவைத்த சட்டையைத் தானே மடித்து தன் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசை விரிப்பை உள்ளங்கையால் ஒரே பக்கமாக நீவிக்கொண்டே இருப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஃபோனில் அத்தனை வாய் பேசுகிற எனக்கு அவர் எதிரில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. இவர் வந்தே விட்டால் நாள் முழுக்க இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியதற்காக என்னையே வெறுத்தேன்.

அவர் வளைகுடாவுக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, அவருக்குக் கண்ணாடி மாற்ற ராமநாதபுரம் போனோம். கண்ணாடி தயாராக இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியபோது, ஒரு செல்ஃபோன் கடையின் மாடியில் ஸ்னூக்கர் என்று போர்டு தொங்கியது. மேலே போவோம் என்றேன். அங்கே பொம்பளைகள் வர மாட்டார்கள் என்று தயங்கினார். நான் முன்னால் ஏறினேன்.

இரண்டு மேசைகள். ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் என்னைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். இவர் இருபத்திரண்டு வருஷமாக ஸ்னூக்கரிலேயே இருக்கிறார் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். பையன்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஸ்டிக்கை எடுத்த விதமே எனக்கு விநோதமாக இருந்தது. அடுத்தவர் பொருளை எடுக்கிற மாதிரி எடுத்தார். குனிந்தார். அடித்தார். வெள்ளைப் பந்து எதையும் தொடாமல் போய்த் தானே குழிக்குள் விழுந்தது. இரண்டாவது அடி ஒரு சிவப்பை உரசிவிட்டுப் போனது. மூன்றாவதில் ஸ்டிக் வழுக்கியது. கடைக்காரர் மரியாதையாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, ஆட்டத்துக்குப் புதுசா? இடது கையை நல்லா ஊன்டுங்க."

"ஆமா தம்பி, புதுசுதான்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. நான் எழுந்து போய், ஏன் மச்சான், அங்கே ஆட மாட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். மார்க்கர் ஸ்டிக்கைத் துடைக்கலாம், ஆடக் கூடாது என்றார். ஆளில்லாத நேரத்தில் ஒரு பையன் அடித்துப் பார்த்தானாம், மறுநாளே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வேலை முடிந்து தினமும் ஆடுகிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தப் பையன்களைப் பற்றி, அந்தக் கிழவர்களைப் பற்றி என்னோடு அத்தனை சண்டை போட்டவர் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"இப்ப புது மேனேஜர் வந்திருக்காரு. அடுத்த காண்ட்ராக்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டதுமே வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பொறகு ஒரு மணி நேரம் வேலையாளுக ஆடிக்கலாம்னு சொல்லியிருக்காரு."

அதற்கா இரண்டு வருஷம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, பக்கத்து மேசைப் பையன்கள் திரும்பினார்கள். இதோ இங்கே தினமும் வந்து ஆடலாமே, நானே பஸ் ஏற்றி விடுகிறேனே என்றேன். அவர் உள்ளங்கையால் துணியை ஒரு தடவை நீவினார்.

"இங்கன துணி சாக்கு மாதிரி கெடக்கு புள்ள. அங்கன உள்ள மூணு மேசையும் நான் தேச்சது. எந்த எடத்துல பந்து எம்புட்டு ஓடும்னு எனக்குத் தெரியும். ஒரு தடவ அடிச்சுப் பாக்கணும்."

முடியாது என்று சொல்ல என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. ஐம்பது வயது, கொடுத்த வாக்கு, நான் தனியாகக் கிடந்த வருஷங்கள், ஒன்று விடாமல் மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்துக் கட்டியது நாங்கள் கேட்டு. மகளுடைய படிப்பு, அவள் கல்யாணம், நான் பி.எட். முடித்தது, எல்லாமே நாங்கள் கேட்டு அவர் செய்தவை. தனக்கென்று அவர் ஒன்று கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னேன். சொன்னதும் என் மனசுக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை. அந்த மூலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மீதி நேரமும் அவர் ஆடினார். நேரம் முடியப்போகும்போது ஒரு சிவப்பு குழிக்குள் விழுந்தது. அவர் குறி வைத்தது வேறொன்று. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இத்தனை வருஷமாக அவர்களைப் போய்த் திட்டியிருக்கிறேனே, பழையவனும் சரி புதியவனும் சரி, எல்லாருமே பெரிய ஆட்கள்தான் என்றார். எங்கள் சண்டை அந்த இடத்தில் முடிந்துபோனது. இறங்கி வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தோம்.

அவர் போனபிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. எங்கள் பள்ளிக்கு வெள்ளிதான் விடுமுறை. மற்ற நாள் எப்படியிருந்தாலும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றே அவர் கூப்பிட்டுவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வெள்ளியும் தவறியதில்லை, காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட. அன்றைக்கு மூன்று மணிக்கு வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. ஆறிப்போன சோற்றை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். அஸர் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்து ஃபோன் அடித்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"மறந்தே போச்சு புள்ள. நாலு செவப்பு போட்டேன், ஒரு நீலம். நீலம் அந்தக் கோடியில இருந்து."

அந்தக் குரலை நான் எங்கள் கல்யாணமான புதிதில் கேட்டது. எந்தக் குழியில், எப்படி, பந்து எவ்வளவு தூரம் ஓடி நின்றது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய்யில்லை. ஃபோனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினேன்.

"வர்ற வெள்ளியும் ஆடி முடிச்சிட்டே கூப்புடுங்க மச்சான்."