இரண்டு கையும் வெளியே

1. மேலே போகாத ராம்

பவர் பிரஸ்ஸின் ராம் என்கிற இரும்புப் பாளம் மேலிருந்து இறங்கி, கீழே டை அச்சில் இருக்கும் தகட்டை அழுத்திவிட்டு மேலே போய்விட வேண்டும். அன்று இறங்கியது, போகவில்லை. டையைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. மதியத்துக்கு மேல் கஸ்டமர் ஆட்கள் சாம்பிள் பார்க்க வருகிறார்கள். இந்த ட்ரையலை ஒழுங்காக முடித்தால் லைன் லீடர் பதவி எனக்கு, இல்லையென்றால் நாகராஜுக்கு என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

மோட்டாரை ஆஃப் செய்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன், மாட்டினேன். ஸ்பேனரை எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாததால் துடைத்து வைத்தேன். ஓசூர் குளிரிலும் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஆபரேட்டர் மஞ்சுளா எட்டிப் பார்த்தாள். “இன்னாண்ணா, மெஷினுக்குச் சுளுக்கா?”

“கொஞ்சம் ரெஸ்ட் எடுக்குதும்மா” என்றேன்.

2. நாகராஜ் என்னும் நோய்

நாகராஜ் கர்நாடக எல்லையோர ஜவளகிரிக்காரன். என்னைவிடப் பத்து வயது சிறியவன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவன் வாயில் தண்ணீராக ஓடும். பெங்களூர்க்கார மேனேஜர் ரவுண்ட்ஸ் வரும்போது, “ஏனப்பா நாகராஜு, ஊட்டா ஆயித்தா?” என்று சாப்பாட்டை விசாரிப்பார். என்னிடம், “சாலமன், ஸ்க்ராப் எவ்ளோ?” என்பார். நானும் ஒரு நாள் முந்திக்கொண்டு, “ஊட்டா ஆயித்தா சார்?” என்று கேட்டேன். காலை ஷிப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

புது பிரஸ் வந்தபோது ட்ரெய்னிங்குக்கு புனேவுக்கு அனுப்பியது அவனைத்தான். நான் ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து இந்த ஷெட்டிலேயே தலை நரைத்தவன். எனக்கு அவனுடைய டிபன் பாக்ஸைப் பார்த்தால்கூடப் பற்றி எரியும். அதில் எப்போதும் நல்ல குழம்பாகவே இருந்து தொலைக்கும்.

ஞாயிறு ஆராதனையில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, நாகராஜ் நல்லா இருக்கட்டும், ஆனா வேற ஷெட்ல நல்லா இருக்கட்டும்” என்று மன்றாடுவேன். ஒரு ஞாயிறு, பக்கத்தில் இருந்த என் மனைவி எஸ்தர் காதில் அது விழுந்துவிட்டது.

“ஜெபத்துலயே ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் போடறீங்களே, ஆண்டவரு என்னா எச்.ஆரா?”

3. உதறாத தகடு

அந்த ட்ரையல் அன்று, நாகராஜை மேனேஜர் பக்கத்து லைனுக்கு அனுப்பிவிட்டு பிரஸ்ஸை என்னிடம் கொடுத்தார். போகும்போது அவன் சொன்னான்: “அண்ணா, எண்ணெயில தகடு ரெண்டு ரெண்டா ஒட்டிக்கும். ஒரு உதறு உதறிட்டு வைங்க.”

“நீ டவுசர் போட்ட காலத்துலயே நான் தகடு உதறினவன்டா” என்றேன்.

உதறவும் செய்தேன். ஆனால் நடுவில் பக்கத்து லைனில் சிரிப்புச் சத்தம். மேனேஜரும் அவனும் கன்னடத்தில் என்னவோ பேசிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தானோ என்று காதை அங்கே நீட்டினேன். கை பாட்டுக்குத் தகட்டை எடுத்து வைத்தது. ஒன்றல்ல, இரண்டு. டொம்மென்று ஒரு சத்தம். அப்புறம்தான் ராம் அப்படி நின்றது.

புது பிரஸ்ஸில் அதை எப்படி விடுவிப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். அவனைக் கூப்பிட்டால் பதவி போச்சு. கூப்பிடாவிட்டால் டையும் போகும்.

“இயேசப்பா, பலம் தாங்க” என்று முனகினேன். ராம் அசையவில்லை. பழக்க தோஷத்தில் என் இரண்டு கைகளும் இரண்டு பச்சைப் பட்டன்களின் மேல் கிடந்தன. பிரஸ்ஸில் பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் ராம் இறங்கும். ஒரு கை டைக்குள் இருந்தால் அது வேலை செய்யாது. கை நசுங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இத்தனை வருடம் அமுக்கிய பட்டனை அன்றுதான் பார்த்தேன். நான் ஆண்டவரிடம் ஒரு கையை நீட்டிவிட்டு, இன்னொரு கையால் நாகராஜின் காலரைப் பிடித்துக்கொண்டே ஜெபித்திருக்கிறேன்.

“சரி ஆண்டவரே, ரெண்டையும் வெளிய எடுத்துட்டேன். ராமும் உங்களுது, போஸ்ட்டும் உங்களுது. பாத்துக்கோங்க.”

வானத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. ஆனால் என் வாய் திறந்தது.

“நாகராஜு! இங்க வாடா, மாட்டிக்கினேன்!”

அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கத்தத் தெரியவில்லை. மேனேஜரும் சேர்ந்தே வந்தார்.

உதறச் சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை. பிரஷரை இறக்கினான், மோட்டாரை ரிவர்ஸில் போட்டு, ராமைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினான். ஒன்றாக நசுங்கிய இரண்டு தகடுகளையும் உருவி என் கையில் வைத்தான். “இந்தாங்கண்ணா, பரோட்டா.”

மஞ்சுளா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். டை தப்பித்தது. கஸ்டமர் வருவதற்குள் சாம்பிளும் ரெடி.

4. மைசூர் பாகு

லைன் லீடர் நாகராஜ்தான். அவன் கொடுத்த மைசூர் பாகாவது சுமாராக இருந்திருக்கலாம். வாயில் வைத்ததும் கரைந்தது. இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

நான் கற்ற பாடம் சின்னது. நம்மால் ஒன்றும் ஆகாது என்கிற இடம் வந்தால், கையை டைக்குள் விட்டுத் துழாவக் கூடாது. வெளியே எடுக்க வேண்டும். ஒரு தடவை எடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. அவன் கன்னடத்தில் சிரிக்கும்போதெல்லாம் என் கை உள்ளே போய்விடுகிறது. அதனால் ஷிப்ட் தொடங்கும்போது பச்சைப் பட்டன்களில் கை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடுகிறேன்.

நேற்று லைன் லீடர் வந்து நின்றான். “அண்ணா, ஜெபமா, தூக்கமா?”

“உனக்காகத்தான்டா ஜெபம்.”

“இன்னான்னு?”

“நல்லா இருக்கணும்னு. இந்த ஷெட்லயே.”