நீர்வேலிக்குப் போன வகுத்தல் கணக்கு

இந்த ஜேர்மன் ஊரில் ஒருவன் அறையில் தனியே இருந்து எண்களைச் சத்தமாகச் சொன்னால் அயலார் கவலைப்படுகிறார்கள். சொல்லிவிட்டு மௌனமாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கவலைப்படுகிறார்கள். சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், "ஒன்பதுக்குள்ளை ஏழு எத்தினை தரம் போகும்?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"யாரோடு பேசுகிறீர்கள்?"

"மகளோடு. கணக்கு" என்றேன், எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில். அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கட்டில், அலுமாரி, மேசையில் ஒரு ரேப் ரெக்கோடர். மகளைக் காணவில்லை. "சரி, சரி" என்று மெதுவாகச் சொல்லிப் போனவள், ஒரு கோப்பை சூப்போடு திரும்பி வந்தாள். நல்ல சூப். குடித்துவிட்டு அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்கினேன்.

மகள் தர்சினி எங்கள் ஊரான நீர்வேலியில், தாயோடு இருக்கிறாள். நான் விமானம் ஏறியபோது அவளுக்கு விரல்களுக்கு மேல் எண்ணத் தெரியாது. இப்போது ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. மற்றப் பாடங்களில் கெட்டிக்காரி. பெரிய எண்ணைப் பிரிக்கச் சொன்னால் மட்டும் அழுகை. பரீட்சைக்கே போகமாட்டேன் என்று நிற்கிறாளாம். "கணக்கு உங்கடை பகுதி. அங்கை இருந்தெண்டாலும் படிப்பியுங்கோ" என்று மனைவி கசெட்டில் பேசி அனுப்பியிருந்தாள். கூட்டுறவுச் சங்கக் கடையில் நான் கிளாக்கராக இருந்த காலத்தில், என் கூட்டல்களை மனேச்சர் இன்னொரு தரம் கூட்டிப் பார்ப்பார் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் முடிவெடுத்துவிட்டேன்: பிள்ளை பரீட்சைக்குப் போவாள்.

என் கசெட் கொழும்புக்குத் தபாலில் போகும். யுத்தத்தால் தரைப்பாதை மூடிக்கிடக்கிறது; அங்கிருந்து படகில் கடல்நீரேரியைக் கடக்கும் யாருடைய பையிலாவது ஊர் போய்ச் சேரும். முதல் கசெட்டில் 98,532ஐ ஏழால் பிரிக்கச் சொன்னேன். நல்ல ஆசிரியன் பிள்ளையை யோசிக்க விடவேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் தாராளமாக மௌனம் விட்டேன்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இனிச் சொல்வதில் புதினமில்லை. யுத்தம் வந்ததிலிருந்து அங்கே கரண்ட் இல்லை. பற்றரி உள்ளே வர அனுமதியில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் உழக்க, டைனமோ தரும் மின்சாரத்தில்தான் ரெக்கோடர் பேசும். எனக்கும் தெரிந்ததுதான். சுவரில் செருகினால் கரண்ட் வரும் நாட்டில் இருந்து மறந்துபோயிற்று.

பதில் கசெட்டில் முதலில் பேசியது மனைவியின் தம்பி குகன், வாழைத்தோட்டக்காரன்.

"அத்தான், நீங்கள் கதைக்கேக்கை உழக்கிறன், அது ஞாயம். நீங்கள் பேசாமல் இருக்கிறதுக்கும் நான்தானே உழக்க வேண்டிக்கிடக்கு? சத்தம் வராத பெட்டிக்கு வேர்க்க வேர்க்க உழக்கிறவனைப் பாத்து அயலட்டை சிரிக்குது."

பின்னால் மனைவி: "அவன் களைச்சா உங்கடை குரல் எருமை மாதிரிப் போகுது. பிள்ளை சிரிச்சே கணக்கை விட்டிடுறாள்."

பிள்ளையின் விடை 1,476. நடுவில் ஒரு பூச்சியத்தை விழுங்கியிருந்தாள்.

அடுத்த கசெட்டில் மௌனத்தை ஒழித்தேன். "இதிலை நிப்பாட்டு. மாமாவுக்குத் தண்ணி குடு. செய்துபோட்டுப் பிறகு போடு" என்றேன். "அஞ்சுக்குள்ளை ஏழு போகாது. போகாட்டியும் மேலை பூச்சியம் போடவேணும். சரியோ எண்டு பாக்க, வந்த விடையை ஏழு தரம் கூட்டு. பழைய எண் திரும்பி வரவேணும்." 1,476ஐக் கூட்டினால் பத்தாயிரத்துச் சொச்சம்தான் வரும். மிச்சம் எங்கே போனதென்று அவளே தேடட்டும். பனி கரைந்தது. நான் விடவில்லை, கசெட் போய்க்கொண்டேயிருந்தது.

நேற்றுப் பதில் வந்தது. டைனமோ இரைச்சலுக்கு மேலால் மகளின் குரல்: "பதினாலாயிரத்து எழுபத்தாறு, அப்பா. ஏழு தரம் கூட்டினன், திரும்பி வந்திட்டுது. நான் சோதினைக்குப் போறன். இப்ப உங்களுக்கு ஒரு கணக்கு. 64,848ஐ எட்டாலை பிரியுங்கோ."

அதோடு பேச்சு நின்றது. என்னைப்போலவே மௌனம் விட்டிருந்தாள். அதற்குள் சில்லுச் சுற்றும் சத்தம், ஒரு காகம், குகனின் மூச்சு. "அத்தான், கெதியாச் செய்யுங்கோ. கால் நோகுது."

பென்சிலை எடுத்தேன். குகன் அந்தச் சைக்கிளை விட்டு இறங்கி வாரக்கணக்காகியிருக்கும். நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் ஒருவன் உழக்கிக்கொண்டிருக்கும்போது அதை அமத்த மனம் வரவில்லை. அவசர அவசரமாகப் பிரித்தேன். வீட்டுக்காரி சூப்போடு வாசலில் வந்து நின்றாள். பொறு என்று கையைக் காட்டினேன். 816 என்று எழுதிக் கோடு இழுக்க, மகளின் குரல் வந்தது:

"பூச்சியத்தை விட்டிட்டியளோ, அப்பா? எட்டுத் தரம் கூட்டிப் பாருங்கோ."

கீழே தெருவில் ஸ்ட்ராசன்பான் என்கிற ட்ராம் வண்டி போக, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நீர்வேலியில் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாகக் கூட்டத் தொடங்கினேன்.