ஆறு பரப்பும் அரைக் கிணறும்

கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கட்டாயம் கேட்பார்: "ஊரிலை காணி பூமி ஏதும் இருக்கோ?" நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுவிட்டு, "ஓம், இருக்குது. அவவின்ரை சீதனக் காணி" என்பேன், சற்றுத் தாழ்ந்த குரலில். குரல் தாழத் தாழக் காணி பெருகும்.

உண்மையில் இருப்பது ஆறு பரப்பு, அரை ஏக்கர்கூட வராது. யாழ்ப்பாணத்தில், மனைவியின் ஊரில். கிணறு எல்லையில் இருப்பதால் அதில் எங்களுக்குப் பாதிப் பங்குதான். மற்றப் பாதி பக்கத்துக் காணிக்காரருக்கு. அவர் மனைவியின் பெரியப்பா மகன், எனக்கு மச்சான். நாங்கள் இங்கே இருப்பது வாடகை ஃபிளாட். இந்த உலகத்தில் அவளுடைய பெயரில் இருக்கிற ஒரே பொருள் அந்த மண்தான்.

"காணி சும்மாதானே கிடக்குது" என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களுக்குக் காணி இல்லை. சும்மா கிடக்கிற காணியைப்போல ஆளை வேலை வாங்குவது வேறொன்றில்லை. மழை பெய்தால் பற்றை இடுப்பளவுக்கு வரும். வெயில் எறித்தால் வேலி கறையான் தின்று சரியும். வேலி சரிகிறதே என்று முன்பக்கம் மதில் கட்டி, கேற் போட்டு, பெரிய பூட்டாக வாங்கிப் பூட்டினோம். திறப்பைக் களவுபோகாமல் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்தோம். அதற்குப் பிறகு புல்லு வெட்டுகிறவர் மெஷினோடு மதில் ஏறிக் குதிக்கவேண்டியதாயிற்று. மாடுகள் பின்பக்கத்தால் வழக்கம்போல் வந்து போயின.

அந்தப் புல்லு வெட்டுகிறவரைப் பிடிப்பதே தனி வேலை. மாரியில் கோல் எடுத்தால், "மழை விடட்டும் அண்ணை" என்பார். மழை விட்டபின் எடுத்தால், "இப்ப வெட்டினா ஒரே தூசி அண்ணை." ஒருநாள் அவரே வீடியோ கோல் எடுத்தார். நான் பல்கனியில் நின்று பார்த்தேன். கண்ணாடிபோலத் துப்புரவான நிலம்.

"அந்தக் கிழக்கு மூலையைக் காட்டுங்கோ பாப்பம்."

"அங்காலை சிக்னல் இல்லை அண்ணை."

கீழே கரையோர ரயில் போனது. மீதி கேட்கவில்லை. நான் திருப்தியோடு காசைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் மச்சான் ஒரு படம் அனுப்பினார்: எங்கள் கேற்றில் டெங்கு நோட்டீஸ். காணியைத் துப்புரவாக்காவிட்டால் வழக்கு. பற்றையோ கேற்றுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது. அப்படியென்றால் வீடியோவில் நான் பார்த்தது? "அது என்ரை வளவு மச்சான்" என்றார் மச்சான். "நல்லாத்தான் வைச்சிருக்கிறன், என்ன?"

அன்றைக்குத்தான் மனைவியிடம் கேட்டேன். "இஞ்சரும், வித்துப்போட்டு நிம்மதியா இருப்பமே?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உங்கடை விருப்பம்."

முப்பது வருசம் அவளோடு இருந்தவனுக்கு அந்த இரண்டு சொல்லின் கனம் தெரியும். தெரிந்தும் தெரியாதவன்போல் ஆள் தேடினேன். கனடாவிலிருந்து வந்து ஊரில் வீடு கட்டப்போகிற ஒருவர் அகப்பட்டார். காணியைப் பார்க்கவேண்டுமாம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கிணற்றில் பங்குள்ள சொந்தக்காரனைக் கேளாமல் வெளியாளுக்கு விற்பது மரியாதையில்லை. கேட்டேன்.

"மச்சான், காணியைக் குடுக்கிற யோசனை. முதல் உங்களைத்தான் கேக்கிறம். நீங்கள் எடுக்கிறியளோ?"

"நான் எடுத்து என்ன செய்ய? மாட்டை அங்கைதான் கட்டுறன். விறகு அங்கைதான் எடுக்கிறன். தண்ணி முழுக்க எனக்குத்தான். இனி எடுத்து வேறை என்ன செய்யிறது?"

"அப்ப வெளியாளுக்குக் குடுக்கட்டோ?"

"ஏன் குடுக்கிறியள்? உங்களைப்போலை நல்ல சனம் பக்கத்துக் காணிக்குக் கிடைக்குமே?"

"நாங்கள் வெள்ளவத்தையிலை எல்லோ இருக்கிறம்."

"அதைத்தான் சொல்லுறன்."

கனடாக்காரர் போய்ப் பார்த்தார். மறுநாள் காலையில் அவருடைய கோல் வந்தது. குரலில் ஒரு கவலை. "அண்ணை, காணி பரவாயில்லை. ஆனா கிணத்துத் தண்ணி சவராமே, வாயிலை வைக்க ஏலாத உப்பாம். பக்கத்து வளவு ஐயா சொன்னவர்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எங்கடை கிணத்துத் தண்ணி சவரோ?" அவளுடைய முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "அந்தத் தண்ணியிலை கழுவிக் கழுவி என்ரை தலைமயிர் இடுப்புக்குக் கீழை நிண்டது. இஞ்சத்தைப் பைப் தண்ணிக்கு வந்துதான் கொட்டினது. ஊர் முழுக்கக் குடத்தோடை வந்து அள்ளின கிணறு அது. சவராம்!"

"விக்கவிடாமல் செய்யத்தான் மச்சான்..."

"ஆர் இப்ப விக்கிறது?"

அவளே போனைப் பறித்து மச்சானுக்கு எடுத்தாள். சண்டை நடக்கப்போகிறது என்று நான் கதவைச் சாத்தினேன். பக்கத்து ஃபிளாட்டில் ட்யூஷன் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் தேன் மாதிரிக் கதைத்தாள்.

"அண்ணை, இந்தமுறை கிணறு இறைச்சுத் துப்புரவாக்கேக்கை நாங்களும் வாறம். பாதிப் பங்குக்கு ஆள் நிக்கத்தானே வேணும். அப்படியே ரெண்டு மாசம் ஒரு கொட்டில் போட்டு இருப்பம் எண்டு யோசிக்கிறம். மாட்டை மட்டும் கொஞ்சம் அங்காலை கட்டுங்கோ, என்ன?"

மறுபக்கத்தில் மச்சானின் குரல், ஸ்பீக்கரில், அன்பு வழிய:

"ஏன் தங்கச்சி இந்த வயசிலை கஷ்டப்படுறியள்? பேசாமல் வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோவன். நானே ஒரு நல்ல ஆளாப் பாத்துத் தாறன்."

மனைவி போனை வைத்துவிட்டு, ரயிலுக்கு சீற் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினாள். போகிற வழியில் மண்வெட்டி ஒன்றின் விலையையும் கேட்டுக்கொண்டு வரவேண்டுமாம்.