பேச்சியம்மாளின் கை

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். கோமாரி எப்படித் தொற்றும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஓய்வு பெற்றபின் கீழக்குயில்குடியில் இரண்டு மாடு வளர்த்தேன். போன மழைக்காலத்தில் ஒன்று வாயில் நுரை தள்ளியது. நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண். கோமாரிதான். வெளியே தெரிந்தால் காளவாசல் டீக்கடைக்காரர் பால் வாங்க மாட்டார். அதனால், வாயில் கருவேல முள் குத்திவிட்டதாகப் பொய் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் நம்பினாள். அவளுக்கு இருந்தது ஒரு கறவை மாடும் இருபது நாள் கன்றும்தான்.

"எம்புட்டு வலிக்குமோ! தள்ளுங்க சார். மாட்டப் பிடிக்கத் தெரியல, இதுல வாத்தியாரு வேற" என்று கேலி செய்தபடி என் மாட்டின் வாயைத் திறந்து தேன் தடவினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாரேன் சார், கன்னு கத்துது" என்று கிளம்பினாள். சோப்பு தொட்டிமேல்தான் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் மாடு நுரை தள்ளியது. இரண்டு நாளில், பால் குடித்துக்கொண்டிருந்த கன்று அப்படியே சுருண்டு விழுந்து செத்தது.

தெருவே விதி என்றது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விதியாவது மண்ணாவது! எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

பேச்சியம்மாள் கன்றின் கயிற்றை என் காலடியில் வீசினாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா கையக் கழுவிட்டுப் போயிருப்பேனேய்யா! அப்பவும் ஒம்மாட்டுக்குத் தடவித்தான் விட்டிருப்பேன்."

என் மாடு பிழைத்துக்கொண்டது. ஊரில் எல்லாரும் இன்னும் என்னை 'சார்' என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு எரிகிறது. அவள் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அது ஒன்றுதான் சரி.